இரண்டரை மணி நேரம்

சபை என்பது ஜெலுத்தோங்கில்
டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை.
நாற்பது நாற்காலி வாடகைக்கு எடுத்தார் இவர்.
வந்தது ஆறு பேர்,
அதில் நாங்கள் மூவர்.

நாசி கண்டார் கடைப் பையன் தங்கபாண்டி
சட்டையெல்லாம் குழம்பு வாசனையோடு
கடைசி வரிசையில் தூங்கிப்போனான்.
நாற்பது பேருக்கு எழுதிய பிரசங்கத்தில்
ஒரு வரி குறைக்கவில்லை இவர்.
எனக்குக் கோபம். பிறகு கொஞ்சம் சிரிப்பு.

நள்ளிரவுக்கு மணி எங்கும் அடிக்கவில்லை.
கீழே ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று.
கேக்கை வெட்டினேன்,
தூங்குகிறவனுக்குப் பெரிய துண்டு.

நாகர்கோவிலில் அப்போது ஒன்பதரை.
கிரேனாப்பு மைனி முந்திரிக்கொத்து சுடுகிறாள்,
எண்ணெய்ச் சத்தம் போனில் கேட்கிறது.
ஆசேர் பிடுங்கிக் கத்துகிறான்:
"அத்தே, இங்க பொறந்தாச்சு!
அங்க இன்னும் இல்லியா?"

"இல்ல மக்ளே,
இன்னும் பாதி மாவு கெடக்கு."

நாற்காலிகளை அடுக்கும்போது
தங்கபாண்டி தயங்கி நின்றான்.
அவன் போனில் காசில்லையாம்.
என்னுடையதைக் கொடுத்துவிட்டு
விளக்கை அணைக்காமல் காத்திருந்தோம்.

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு
அவன் முதலில் சொன்னது:
"சாப்பிட்டேம்மா. கேக்கு."