ஏழாம் குழி

கச்சான் தொடங்கிப் பதினேழு நாள்.
சீனன்குடாவில் காலை ஆறு மணிக்கே
அடுப்படிச் சூட்டோடு வருகிறது காற்று.

இன்றைக்கும் ஒரு பௌசர்தான்.
கிணற்று நீரை நாக்கில் தொட்டுப் பார்த்தேன்,
கரிப்பு.
இதைக் குடித்தால் புல் எரிந்துபோகும்.

வெளியை விட்டாயிற்று, வைக்கோல் நிறம்.
ஒன்பது வட்டங்களுக்கு மட்டும் வாளிக்கணக்கு.
மெசின் கத்தியை ஒரு நூல் உயர்த்தினேன்.
"ஒட்ட வழித்தால்தானே காக்கா பந்து ஓடும்"
என்கிறான் றிஸ்மி.
மழைக்குப் பிறகு ஓடட்டும்.

ஏழாவதில் ராத்திரி மான் நின்றிருக்கிறது.
ஈரம் இருந்த இடமெல்லாம் குளம்படி.
ஒவ்வொன்றாக முள்ளால் நெம்பி
பெருவிரலால் அமர்த்தினேன்.

நேற்றைய குழியைச் சுற்றிச்
சப்பாத்துகள் மிதித்த மஞ்சள்.
அதை மண்ணுருளையால் அடைத்து
புதுக்குழியைச் சரிவின் விளிம்பில் வெட்டினேன்.
பச்சை மிஞ்சியிருந்தது அங்கேதான்.

பத்து மணிக்கு பேங்க் மனேஜர் குகேந்திரன்
மூன்று தரம் தவறவிட்டார்.
"பொல்லாத ஆள் ஐசே நீர்,
எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்!"

தொப்பியைக் கழற்றிச் சிரித்து வைத்தேன்.
கண் அதற்குள்
நாளைய குழிக்கு
ஒரு சாண் பச்சை தேடிக்கொண்டிருந்தது.