ஏழு சென்டிமீட்டர்

உயரம் அளப்பது என் வேலை.
செருப்பைக் கழற்று. குதிகால் சுவரில் படட்டும்.
மூச்சை இழுத்து நில்.
பலகை இறங்கி
உச்சிமயிரை அழுத்தும் அந்த நொடியில்
எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் எம்புவார்கள்.
எம்புவதைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.

மேசையின் இரண்டாம் இழுப்பறையில்
அட்டை போன ஒரு கதைப்புத்தகம்.
பால்பல் விழாத தீவுக்குப்
படகேறிப் போனவன் ஒருத்தன்,
இனி வளர மாட்டேன் என்று
அலைகளிடம் எழுதிக் கொடுத்துவிட்டு.
யார் விட்டுப்போனதோ,
நான் வேலைக்குச் சேரும்போதே இருந்தது.

பர்த்வானிலிருந்து வந்து
லாட்ஜில் மாதக்கணக்காய்த் தங்கிய குட்டிப்பெண்
ஓர் எழுத்தும் தெரியாமல்
படத்துப் படகை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.
ஆம்பூர்ப் பையனின் பிரியாணிக் கை பட்டு
நாற்பதாம் பக்கம் கண்ணாடியாகி
மறுபக்கத்துக் கடல் தெரிகிறது.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று
எங்கள் ஊரைச் சொல்லிச் சிரிப்பார்கள்.
வயசு இல்லாத பையனையும் சேர்த்துக்கொள்ளட்டும்.
இழுப்பறையில்தானே கிடக்கிறான்,
இடமா அடைக்கிறான்?

பேரணாம்பட்டு ஃபுர்கானுக்கு அப்போது பதினாலு.
பார்த்தால் எட்டு.
பஸ்ஸில் அரை டிக்கெட்.
வயசைச் சொன்னால் கண்டக்டர் நம்பமாட்டார்,
சொல்லாவிட்டால் அப்பா
ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டான்:
"வளர மாட்டேன்னு இவன் சொன்னான், சரி.
என்னை யாருக்கா கேட்டாங்க?"

நூற்று இருபத்தாறு என்று எழுதினேன்.
புள்ளி வைத்து இன்னொரு எண்ணும் போட்டேன்,
கூடுதலாய்த் தெரியட்டும் என்று.

ஆனாலும் அடுத்த தடவை கேட்டு வாங்கினான்.
அதற்கடுத்த தடவையும்.
ஊசி போட்ட தொடையைத் தேய்த்தபடி
படகு புறப்படும் பக்கத்தையே திரும்பத் திரும்ப.
சண்டை போட்ட சிநேகிதன் வீட்டு முன்னால்
சைக்கிளில் சும்மா வட்டமடிப்போமே,
அப்படி.

மூன்று வருஷம் கழித்து
அக்னி வெயிலில் வந்து நின்றான்.
உடைந்த குரல். மேலுதட்டில் பூனைமயிர்.
பலகை இறங்கியபோது எம்பவில்லை.
நூற்று ஐம்பத்து மூன்று.
கதவு வரை போனவன்
திரும்பாமலே கேட்டான்:
"அவன் இருக்கானாக்கா?"
"இருக்கான்."
"எவ்ளோ?"

ஸ்கேலை எடுத்தேன்.
படகில் நிற்கிறவனை
தலையிலிருந்து பாதம் வரை வைத்துப் பார்த்தேன்.
"ஏழு சென்டிமீட்டர்."

சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை.
"பாவம்" என்றானா, "பாவி" என்றானா,
வராந்தாவில் டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தத்தில்
சரியாய்க் காதில் விழவில்லை.

சாயங்காலம் பூட்டப்போகும்போது பார்த்தேன்:
படகுப் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்.
பேரணாம்பட்டு – வேலூர். முழு டிக்கெட்.
எப்போது வைத்தானோ.
எடுக்கவில்லை, அங்கேயே விட்டேன்.

விளக்கை அணைக்கும் முன்
செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு நின்றேன்.
பலகையை நானே இறக்கினேன்.
ஆள் இல்லைதானே,
லேசாக எம்பினேன்.