முயல் பிடித்தவர்கள்

முர்மான்ஸ்க். சூரியன் எழாத இருபதாம் நாள்.
கப்பல் பழுதுபார்க்கும் துறையின் மருத்துவ அறையில்
இரவுப் பணி எனக்கு.

மூன்று மணிக்குமேல்தான் வருவார்கள்,
கண்ணில் மணலை வாரிக் கொட்டியது போல் இருக்கிறதென்று.
வெல்டிங் வெளிச்சம் கண்ணைச் சுட்டுவிட்டால்
இங்கே அதற்குப் பெயர்
"முயல் பிடித்துவிட்டான்".
நிலவில் முயலைப் பார்க்கிற மக்கள் எங்கோ உண்டாம்.
எங்கள் முயல்
இமைக்குள் இருந்துகொண்டு பிறாண்டும்.

உருளைக்கிழங்கைச் சீவிக் கண்ணில் கட்டிக்கொண்டு
தடவித் தடவி வந்தான் யெவ்சேய்.
பிய்த்துக் குப்பையில் போட்டேன்.
திட்டினேன். சொட்டு மருந்து விட்டேன்.
முகமூடிக் கண்ணாடி விரிசல், ஸ்டோரில் வேறு இல்லை என்றான்.
இருக்கிறது, யெவ்சேய்.
ஒரு கையெழுத்துக்காக அலமாரியில் காத்திருக்கிறது.

திங்கட்கிழமைகளில் காய்ச்சல்.
துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தால்
முதலில் நாக்கில் இனிக்கும்,
இரவில் பல் கிட்டும்.
ஆளுக்கு அரை லிட்டர் பால் தருகிறது நிர்வாகம்.
நல்ல பால்தான்.
புகை பால் குடிப்பதில்லை.

ஸவேலியின் கையெழுத்தைப் பதிவேட்டில் பார்க்கிறேன்.
வந்த புதிதில் கோட்டைத் தாண்டி வால் நீட்டும்.
பத்தொன்பது வருடப் புகைக்குப் பின்
நசுங்கிய எறும்பு.
கை நடுங்குகிறதா என்றால்
குளிர் என்பான், ஜூலையிலும்.

அன்று பதினோராம் தொட்டி.
ஆர்கானுக்கு நிறமில்லை, மணமில்லை.
காற்றைவிடக் கனம்;
தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி நிற்கும்,
நனைக்காத தண்ணீர்.
ஸவேலி இறங்கினான். குரல் வரவில்லை.
அவனைத் தூக்க யெவ்சேய் இறங்கினான்,
கண் இன்னும் சிவந்திருக்க.
அவனைத் தூக்க இறங்கப்போன பையனை
கிரேன் ஓட்டும் லுகேரியா
காலரைப் பிடித்து இழுத்துப்போட்டு
ஓங்கி ஓர் அறை விட்டாள்.
அந்த இரவில் இந்தத் துறையில்
வேலை செய்த பாதுகாப்புச் சாதனம்
அந்த அறை ஒன்றுதான்.

படிவத்தில் "காரணம்" என்ற கட்டத்தில்
முன்கூட்டியே அச்சடித்திருந்தது:
தொழிலாளியின் கவனக்குறைவு.
அதை அடித்துவிட்டு எழுதினேன்:
காற்றுக்குழாய் மேல்தளத்தில், சுருட்டியபடி.
வாயு அளவி பெட்டியில், பேட்டரி இல்லாமல்.
மேலே காவலுக்கு ஆள்
போடப்படவில்லை.
மேலாளர் இரண்டு முறை போன் செய்தார்.
இரண்டு முறையும் அதையே படித்துக் காட்டினேன்.

நண்பகலில் தெற்கே கொஞ்சம் வெளுக்கும்,
பகல் என்று அதைத்தான் சொல்கிறோம்.
அந்த நேரத்தில் ஸ்டோர்க்காரர் ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார்.
புதுக் கண்ணாடிகள், இருபத்துநான்கு.
மேலே ஒட்டிய சீட்டில்
பெறுபவர்: யெவ்சேய்.
கையெழுத்து
வேண்டும் என்றார்.