கருப்பு வட்டம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருக்கும்போது
வண்டியை அணைத்துவிட்டு ஜனம் வெறிக்கிற சுவர்
என் கடையுடையது.
வாடகை அதற்காகவே ஆயிரம் ரூபாய் கூட.

காதணி விழா, பூப்பு நீராட்டு, கண்ணீர் அஞ்சலி.
செத்தவருக்குக் கோட்டு மாட்டுவேன்,
தாய்மாமன் மீசையை முறுக்கி ஏற்றுவேன்,
ஃபிளாஷ் பட்டுச் சிவந்த கண்களை
ஒரே சொடுக்கில் அடக்குவேன்.

ஆவணியில் பூவனூரிலிருந்து இளவரசி வந்தாள்.
போனில் மகன் தர்ஷித், ஒன்றே முக்கால் வயது,
மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்க
சிரிக்கிறான்.
இடது கண் சிவப்பு, எல்லாப் பிள்ளைக்கும்போல.
வலது கண்ணில்
ஆறின பாலில் படிந்த ஆடை.

"லைட்டு அடிச்சிருக்கு, சரி பண்ணிருங்கண்ணே.
சாயங்காலமானா பூனைக்கண்ணாட்டம் மினுங்கும்,
எங்க நாத்தனா கேலி பண்ணும்."
நானும் சிரித்தேன்.
இரண்டு கண்ணிலும் ஒரே அளவில் கருப்பு வட்டம் வைத்தேன்.
உயிர் வரட்டும் என்று
ஓரத்தில் ஊசிமுனை வெள்ளை.
நாற்பது நொடி ஆகியிருக்கும்.
"ராஜா மாதிரி இருக்கான்" என்றாள்.

பத்துக்கு எட்டு. ஐந்து மாமன்கள் கும்பிட்டபடி கீழே.

தை மாதம் திடீர் மழை.
கொள்முதல் நிலையத்து வாசலில் சாக்கு கிடைக்காமல்
ஒன்பது நாளாய்க் கிடந்த நெற்குவியல்மேல்
விழா முடிந்த ஃபிளெக்ஸ்களை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.
அதில் ஒன்றில் தர்ஷித்,
மழையைப் பார்த்து மல்லாந்து,
இரண்டு கண்ணும் கருகருவென்று.

பக்கத்தில் குடையில்லாமல் அவன் அப்பா மணிமாறன்.
பிள்ளையும் அம்மாவும் சென்னையில் என்றான்.
கண்ணில் புற்று.
"பீடி குடிச்சானா, புகையிலை போட்டானா,
பால்குடி மறந்து ஆறு மாசம் ஆகலை.
சின்னப் பிள்ளைக்கு வருமாண்ணே அது?"
வரும் என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

"எப்பலேர்ந்து வெள்ளையா தெரிஞ்சுதுன்னு கேட்டாங்க,
பழைய போட்டோ இருந்தா காட்டச் சொன்னாங்க.
அவ போன் வாய்க்கால்ல விழுந்து போச்சு.
இதத்தான் படம் புடிச்சு அனுப்புனேன்.
ஆவணியில நல்லாத்தான் இருந்திருக்குன்னு எழுதிக்கிட்டாங்க."

கடைக்கு எப்படி வந்தேன், தெரியவில்லை.
அழிக்காமல் கிடந்தது அசல்.
நான் வேறு யாருக்கோ மீசை வைத்த நாளெல்லாம்
அந்த வெள்ளை உள்ளேயே விழித்திருந்திருக்கிறது.
அனுப்பினேன்.
கீழே என்ன எழுதுவதென்று புரியாமல்
"திருத்தியது நான்" என்று மட்டும்.

கண்ணை எடுத்துவிட்டார்கள்,
உயிரைப் பிடித்து வைக்க.
ஆவணியிலேயே வந்திருந்தால் கண்ணும்கூட,
என்று ஆரம்பித்து
டாக்டர் நிறுத்திக்கொண்டாராம்.
ஆறு மருந்தில் நாலு ஏறியிருக்கிறது.
இளவரசி என்னைத் திட்டவில்லை.
ஒருமுறை திட்டியிருக்கலாம்.

இப்போது கேட்டுக்கு எதிரே காசு வாங்காத ஒரு பலகை.
முகமில்லை, பெயரில்லை,
இளவரசி சம்மதித்த ஒற்றைக் கண்.
'போட்டோவில் பிள்ளையின் கண் வெள்ளையாக விழுந்தால்
போட்டோவைத் திருத்தாதீர்கள்.
எல்லா வெள்ளையும் புற்றல்ல.
பார்க்காமல் யாருக்கும் தெரியாது.
தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.'
எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுப் போனார் ஒருவர்.

நேற்று மன்னை எக்ஸ்பிரஸ் போய்க் கேட் ஏறியது.
எல்லா வண்டியும் உறுமிக் கிளம்ப
ஒரு பைக் மட்டும் நடுவில் நின்றது.
பின்னால் ஹாரன், கெட்ட வார்த்தை.
பின்சீட்டுப் பெண்
தூங்குகிற பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு
போனில் பழைய படங்களைத்
தள்ளிக்கொண்டிருந்தாள்,
தள்ளிக்கொண்டிருந்தாள்.