எல்லை தராவிட்டால்

எல்லை எதுவும் நீங்கள் தராவிட்டால்
கையிலிருக்கும் எண்களில் சிறியது நீலம்,
பெரியது சிவப்பு,
நடுவில் உள்ளவை நடுவில்.
இவ்வளவுதான் விஷயம்.
இதை எழுத எனக்கு ஆறு நாள் ஆயிற்று.

ஆரல்வாய்மொழியில் வாடகை மாடி.
ஜன்னலைத் திறந்தால் காற்றாலைகள்.
காலையில் இறக்கைகளின் நிழல்
விசைப்பலகையை வெட்டி வெட்டிப் போகும்.

முதல் நாள் எழுதினேன்:
'நிறங்கள் தானாக அளவிடப்படும்.'
போதும், சுருக்கமாக இருக்கிறது என்றது மேலிடம்.
அன்று மாலைதான் நினைவு வந்தது
போன கார்த்திகையில் லெபின்சன் போன் செய்தது.

ஆடிக்கு ஒரு படம், கார்த்திகைக்கு ஒரு படம்.
இரண்டிலும் பதினேழாம் கோபுரம் ஒரே சிவப்பு.
அவன் மேலாளர் பயந்துபோய்
பிரேக்கைப் பார்த்துவிட்டு வா என்று ஏற்றிவிட்டார்.
எண்பது மீட்டர் ஏணி.
உச்சியில், தலையில் கட்டிய துவர்த்தின் முனைகூட
அசையவில்லையாம்.
"ஒரு எளவு காத்தும் இல்லக்கா.
எவன் போட்ட செவப்பு இது?"

நான் என்று சொல்லவில்லை.
நான் போடவும் இல்லை.
யாரும் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை
எழுதி வைக்கிற வேலை எனக்கு.

ஆடியில் நொடிக்குப் பதினெட்டு மீட்டர்.
கார்த்திகையில் இரண்டு, அதுவும் சந்தேகம்.
வாழைக்கு முட்டுக் கொடுத்தவனுக்குத் தெரியும்.
நிரலுக்கு அந்த மாதம்
இரண்டுக்கு மேலே ஆள் இல்லை,
ஆகவே இரண்டு ராஜா.

மூன்றாம் நாள் ஒரு உணர்கருவி கெட்டு
9999 என்றது.
அது மட்டும் சிவப்பு.
மற்ற கோபுரமெல்லாம் சுற்றச் சுற்ற
ஒரே நீலத்தில் அமுங்கின.
குறிப்பு, சாய்வெழுத்தில்.
விடுபட்ட எண்ணுக்கு நிறமே கிடையாது,
அடியிலிருக்கும் வெள்ளை தெரியும்.
இன்னொரு குறிப்பு.

ஆறாம் நாள், சோதனைக்கு,
எல்லாக் கோபுரத்துக்கும் பதினெட்டு கொடுத்தேன்.
சிறியதும் அதுவே, பெரியதும் அதுவே.
கழித்தால் பூஜ்யம், வகுக்க வழியில்லை.
படம் முழுக்க அடிநீலம்.
வெளியே யாருடைய தகரமோ
கூரையிலிருந்து பிய்ந்து தெருவில் உருள்கிறது,
திரையில் காற்றே இல்லாத ஊர்.

கடைசி வரி:
'இரண்டு படங்களை ஒப்பிடுவதானால்
எல்லைகளை நீங்களே தரவும்.
இல்லாவிட்டால் யாராவது ஏணியில் ஏற நேரிடும்.'

'தரவும்' கொஞ்சம் கடுமையோ,
'தரலாம்' போடலாமே என்றார்கள்.
மாற்றவில்லை.
ஏணியை மட்டும் எடுத்துவிட்டேன்.