அரைக்கை

மினிமார்க்கெட்டுக்குப் புதுச் சீருடை வந்தது:
மஞ்சள், காலர், அரைக்கை.
மேனேஜர் சுல்கிப்ளி ஒவ்வொருவராய்க் கூப்பிட்டு
சைஸ் எழுதிக்கொண்டு வந்தார்.
என் முறை வந்ததும் பேனாவை மூடினார்.
"உள்ளே கறுப்பு இன்னர் போட்டுக்கோ, பரவாயில்லை."
நான் கேட்கவே இல்லை.

பீடோரில் யாருக்கு என்ன தெரியாது?
இங்கே கொய்யாக்காய்கூட
பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டுதான் வளர்கிறது.
பூச்சி உட்காரக்கூடாது,
கிளை உரசக்கூடாது.

இரண்டு வருடமாக நானும் அப்படித்தான்.
உச்சி வெயிலில் முழுக்கை.
தைப்பூசத்துக்கு முழுக்கை.
"காய்ச்சலா பிள்ளை?" என்றால் காய்ச்சல்.
"பூனையா?" என்றால் பூனை.
எங்கள் வீட்டில் பூனையே கிடையாது.

பார்மசியில் மிஸ் யீ
சிலிக்கோன் ஜெல்லை எடுத்து வைத்தாள்.
விரல் நீளக் குழாய். எழுபத்திரண்டு ரிங்கிட்.
ஒருநாள் சம்பளமும் கொஞ்சமும்.
"பழைய தழும்பு போகாது. மங்கும்."
எவ்வளவு மங்கும்?
உதட்டைப் பிதுக்கினாள்.
அந்த நேர்மைக்காகவே வாங்கினேன்.
காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை,
வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்க்க வேண்டும்.
வெளியே போனால் வெயில் கிரீம்.
மூன்று மாதத்துக்கு அளந்து பார்க்காதே, என்றாள்.

ராத்திரி விளக்கணைந்த பின்
வலது கை இடது கைக்கு வரும்.
முதல் வாரம் இடது கை சுருங்கிக்கொண்டது.
அதற்கு ஞாபகம் இருக்கிறது
வருவது யாரென்று.
கட்டைவிரலால் மெல்ல, சின்ன வட்டம்.
இல்லை, இதற்குத்தான் வந்தேன்.
இதற்கு மட்டும்தான்.
எத்தனை ராத்திரி சொன்னேனோ,
ஒருநாள்
சொல்வதற்கு முன்பே கை நீண்டுவிட்டது.

தாப்பா ஆஸ்பத்திரியில் கவுன்சலர்
பால்மரத்தைப் பற்றி ஆரம்பித்தார்,
சீவிய பட்டை எப்படித் திரும்ப வளரும் என்று.
பாதியில் நிறுத்தினேன்.
மரத்தைச் சீவினவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது, சார்.
அதோடு எங்கள் பக்கம் பால்மரம் எங்கே இருக்கிறது?
நான் பிறக்கும் முன்பே எல்லாம் செம்பனை.
அவர் சிரித்துவிட்டார். நானும்.
அந்த அறையில்
என் சிரிப்பை நானே முதல்முறை கேட்டேன்.

நடுவில் ஒரு கெட்ட வாரம் வந்தது.
மூன்றாம் நாள் ராத்திரி லோகேந்திரனின் கதவைத் தட்டினேன்.
அண்ணன் என்ன ஏது என்று கேட்கவில்லை.
மைலோ கலக்கினான்.
கேரம் பலகையை இழுத்துப் போட்டான்.
விடிய விடிய ஆடி
நான் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.
காலையில் கவுன்சலருக்கு அவனே போன் போட்டான்.
ஜெல் தேய்க்க மறந்துபோனேன்.
அதற்கொன்றும் ஆகிவிடவில்லை.

ஐந்தாம் மாதம்.
சிவப்பு போய் வெளிறியிருந்தது.
தடித்த இடம் கொஞ்சம் படிந்திருந்தது.
அம்மா சமையலறை வெளிச்சத்தில் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"போயிருச்சுல்ல? போயிருச்சுல்ல?" என்றாள்.
பால்குடம் நேர்ந்திருந்தாளாம்,
இத்தனை நாள் சொல்லவில்லை.
மங்கியிருக்கும்மா, என்றேன்.
அவளுக்குப் போய்விட வேண்டும்.
எனக்கு இந்த மங்கல் போதும்.
முழுக்கப் போய்விட்டால்
இவ்வளவு தூரம் வந்தேனா என்று
எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

போன ஞாயிறு இன்னர் காயவில்லை.
மழை, கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.
அரைக்கையோடு கிளம்பினேன்.
தைரியம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்,
துணி காயவில்லை, அவ்வளவுதான்.

மதியம் கவுண்டருக்கு வந்த பையனுக்கு
ஏழு வயது இருக்கும்.
ஐஸ்கிரீமை நீட்டியவன்
என் கையையே பார்த்தான்.
"அக்கா, என்ன இது?"
பின்னால் நாலு பேர் வரிசையில்.
நாக்கு நுனிவரைக்கும் வந்த பூனை
அங்கேயே நின்றது.
"பழைய காயம்."
"இப்ப வலிக்குதா?"
"இல்லை."
கொஞ்சம் யோசித்தான்.
"அப்ப சீக்கிரம் தட்டுங்கக்கா,
உருகுது."