பச்சை

சேரிங் கிராஸில் மூவாயிரம் ரூபாய் கொடுத்து
நெற்றியில் குத்திக்கொண்டு வந்து நிற்கிறாள்.
வாசலில் இலை மூட்டை.
மழைக்கு முன்னே எடை போட்டாக வேண்டும்.
கிலோ பதினாறுக்குப் போகிறது பச்சை.
"எப்படி இருக்கு?" என்கிறாள்.
சாக்கின் வாயைத் தைத்தபடி
"வீங்கியிருக்கு" என்றேன்.

மூன்று புள்ளி, ஒரு வளைவு, மேலே சின்னதாய்க் கோடு.
ஏதோ மியூசியப் படத்தில் பார்த்ததாம்,
சட்டத்துக்குள் பேர் எழுதாத ஒருத்தி.
வளைவு கீழே பார்க்க வேண்டும்.
இவளுக்கு மேலே பார்க்கிறது.
சொல்லவில்லை.
சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பாள்.

எனக்கு ஒன்பது வயது.
காலை ஒருத்தி அமுக்கினாள், கையை ஒருத்தி,
தலையைத் தொடைகளுக்கிடையே இறுக்கிக்கொண்டாள் பெரியம்மா.
முள். விளக்குக் கரி.
தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுந்த சத்தத்தில்
நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.
முடிந்ததும் வெல்லம் கொடுத்தார்கள்.
எப்படி இருக்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ரெஜிஸ்டரில் நான் மல்லிகா, வீட்டில் மாசி.
குன்னூர் பள்ளிக்கூடம் என் நெற்றியைப் படித்தே
மாசியைக் கண்டுபிடித்தது.
கரும்பலகையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மூன்று புள்ளி.
டீச்சரும் சிரித்துவிட்டுத்தான் அழித்தாள்.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸான வருஷம்
அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு
சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்தேன்.
இந்தத் தடவை என்னைப் பிடித்துக்கொள்ள யாரும் தேவைப்படவில்லை.
"செத்தால் எந்த முகத்தோடு போய்
பெரியவங்க முன்னால நிற்பே?" என்றார் அப்பா.
"கழுவின முகத்தோடு" என்றேன்.
ஒரு மாசம் என்னோடு பேசவில்லை.
அப்போதிருந்து ஸ்டிக்கர் பொட்டு.
சிவப்பு, பெரிய சைஸ்,
அட்டைக்கு எட்டு.
லேகாவுக்குச் சொன்னது: கொதிக்கிற எண்ணெய் தெறிச்சது.

மூன்றாம் நாள் ராத்திரி சண்டை.
"உங்க ஜெனரேஷன்தான் எல்லாத்தையும் தொலைச்சது.
பாஷையைத் தொலைச்சீங்க, துணியைத் தொலைச்சீங்க,
வெட்கப்பட்டே பாதியைப் புதைச்சீங்க."
இதைத் தமிழில் பாதியும் இங்கிலீஷில் பாதியுமாகச் சொன்னாள்.
எங்கள் பேச்சில் ஒரு வார்த்தை இல்லை.
அவள் அப்பா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து
லாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.
எனக்குச் சொல்ல நிறைய இருந்தது.
"குத்தினவன் ஊசி புதுசா?" என்று மட்டும் கேட்டேன்.
மஞ்சள் அரைத்தேன். வேண்டாம், ஆயின்ட்மென்ட் இருக்கு என்றாள்.
அம்மியிலேயே காய்ந்தது.

ஹெத்தை பண்டிகையில் மலை முழுக்க வெள்ளைத் துணி.
லேகாவோடு செல்ஃபி எடுக்கப் பெண்கள் வரிசை நின்றார்கள்.
இளைஞர் சங்கத்துக்காரர் மைக்கில் பேர் சொல்லி
சால்வை போர்த்தினார்.
நானும் கை தட்டினேன். தட்டாமல்?
வெயிலில் பொட்டு நழுவியிருக்கிறது.
பக்கத்து ஹட்டிக்காரி ஒருத்தி என் முகத்துக்குக் கிட்டே வந்து
"இதென்ன தழும்பு?" என்றாள்.
எண்ணெய் என்றேன்.

சால்வையோடு திரும்பிப் பார்த்தாள் லேகா.
எண்ணெய் தெறித்தால்
இப்படி வரிசையாகவா விழும்?

கோத்தகிரி பஸ்ஸில் கடைசி சீட்.
திறந்த ஜன்னல் வழியே பனி ஏறி உட்கார்ந்தது.
கட்டபெட்டு தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை.
பிறகு கையை நீட்டி,
காய்ச்சல் பார்ப்பவள்போல் நெற்றியைத் தொட்டு,
நகத்தால் பொட்டின் ஓரத்தை நெம்பி எடுத்து
முன்சீட்டுக் கம்பியில் ஒட்டினாள்.
விரல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தடவி நின்றது.
"வளைவு எந்தப் பக்கம்மா?"

"கையை எடு. யாராவது பார்ப்பாங்க."

பஸ்ஸில் நாங்களும்
தூங்குகிற கண்டக்டரும்
நாலு மூட்டைப் பச்சையும்தான்.